கொப்பு முறிச்ச வழி

தபால்காரப் பிச்சமுத்து இறந்துபோன செய்தி எனக்குத் தபாலில் வரவில்லை. அவருடைய மகள் பொன்னம்மா நேரில் வந்து சொன்னாள். ஹாலிஎலப் பக்கம் ஒரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிற பெண். இப்போதுதான் பதுளை வரை ரயில் வந்துவிட்டதே, அதில் ஏறிக் காலை பத்து மணிக்கே வந்து பள்ளிக்கூடத்து வாசலில் மர நிழலில் உட்கார்ந்துவிட்டாளாம். காவல்காரர் உள்ளே வந்து சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, ஐயாவை மத்தியானத்துக்கு மேல் பார்த்தால் போதும் என்றிருக்கிறாள். நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரும்போது எழுந்து நின்றாள்.

“ஐயா சாப்பிட்டீங்களாங்க?” என்று கேட்டாள்.

ஆயிற்று என்றேன். யார் என்று எனக்குப் பிடிபடவில்லை.

“நான் வெள்ளப்பாறைத் தோட்டம் தபால்காரரு பொண்ணுங்க. அப்பா போன வெள்ளிக்கிழம தவறிட்டாருங்க.”

முதலில் கேட்ட கேள்வி எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது. சாவுச் செய்தியைச் சாப்பிட்டவர்களிடம்தான் சொல்ல வேண்டும் என்பது அவள் அப்பா வைத்திருந்த சட்டம். அதற்காக அவள் பட்டினியாக மூன்று மணி நேரம் காத்திருந்திருக்கிறாள். நீ சாப்பிட்டாயா என்று நான் அவளைக் கேட்கவில்லை. அது எனக்கு உறைத்தபோது அவள் ஸ்டேஷனுக்குப் போய்விட்டிருந்தாள்.

இதை வாசிப்பவர்களில் பிச்சமுத்துவைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர் இருப்பீர்கள். அப்புத்தளைத் தபால் ஆபீஸில் வேலை பார்த்தவர்கள், பெரகலச் சந்தியில் கடை வைத்திருந்தவர்கள். என்னைத் தெரிந்தவர்கள் அதிகம். நான் எம்.ஏ. பட்டம் வாங்கியபோது எனக்கு மாலை போட்டவர்கள் நீங்கள். அந்த மாலையைப் பற்றியும் சொல்லவேண்டியிருக்கிறது. பிச்சமுத்து என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஆனாலும் அவர் இருந்த வரைக்கும் நான் அவரை ‘நீ’ என்றுதான் பேசினேன். இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். இந்த மரியாதையால் அவருக்கு இனி ஒரு பிரயோஜனமும் இல்லை.

பட்டணத்தில் பி.ஏ. முடித்துவிட்டு வந்து இங்கே வாத்தியார் வேலையில் சேர்ந்திருந்தேன். நான் கடையில் உட்காரவில்லையே என்று அப்பாவுக்குக் குறை. பி.ஏ.யோடு நின்றுவிட்டோமே என்று எனக்குக் குறை. பரீட்சை எழுதாமலே, ஏதாவது ஒரு விஷயத்தைச் சொந்தமாக ஆராய்ந்து கட்டுரை எழுதிக் கொடுத்தால் எம்.ஏ. பட்டம் உண்டு என்று சர்வகலாசாலையில் ஓர் ஏற்பாடு இருந்தது. விண்ணப்பம் போட்டேன். என்னுடைய பழைய புரொபசர் மேற்பார்வை பார்க்க ஒப்புக்கொண்டார். நான் முதலில் எழுதி அனுப்பிய விஷயங்களையெல்லாம் பத்துப் பேர் மென்று துப்பியவை என்று தள்ளிவிட்டார். கடைசியில், மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நம் ஜனங்கள் வைத்திருக்கிற தமிழ்ப் பெயர்களைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். துரைமார் தங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்த பெயர் பங்களாவோடு சரி. கூலியாட்கள் குடியிருக்கிற லயத்தில் போய் அந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. அவர்களுக்கு அந்தத் தோட்டம் வேறு பெயர். தேயிலை நட்ட ஒவ்வொரு சரிவையும் ‘மலை’ என்பார்கள். ஒவ்வொரு மலைக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு காரணம். புரொபசர் இரண்டே வரியில் பதில் போட்டார்: இதை எழுது, படித்தவர்களைக் கேட்டு எழுதாதே.

பெரகலச் சந்தியில் என் தாய்மாமா கடை வைத்திருந்தார். விடுமுறைக்கு அங்கே போய்த் தங்கினேன். நோட்டுப் புத்தகத்தோடு லயத்துப் பக்கம் போனால் பொலிஸ்காரன் என்றோ வரி வாங்க வந்தவன் என்றோ நினைத்து யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு வாரம் போனதுதான் மிச்சம். மாமாதான் சொன்னார், வெள்ளப்பாறைத் தோட்டத்துத் தபால்காரனோடு நடந்து பார், அவனுக்குத் தெரியாத இண்டு இடுக்கு அங்கே கிடையாது என்று. காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பி முடிந்ததும், பங்களாவில் தபால் பையை வாங்கிக்கொண்டு பெரகல வழியாக ஏறி அப்புத்தளைக்குப் போவார். வந்திருக்கிற கடிதங்களோடு மத்தியானத்துக்கு மேல் இறங்குவார். மழையோ காய்ச்சலோ, அந்த நடை நிற்காது.

முதல் நாள் நான் சப்பாத்தும் குடையுமாகப் போய் நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“சப்பாத்து நல்லாத்தாங்க இருக்கு. அட்டைக்கு வீடு கட்டிக் குடுத்த மாதிரி” என்றார்.

சொன்னபடியே ஆயிற்று. சாயங்காலம் சப்பாத்தைக் கழற்றியபோது இரண்டு காலிலும் அட்டைகள் குடும்பத்தோடு இருந்தன. மறுநாள் முதல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலில் சுண்ணாம்பும் புகையிலையும் தேய்த்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். இரண்டு வருஷ விடுமுறைகள் அப்படிப் போயின.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அது தெரிந்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எழுத்துத் தெரியாத தபால்காரர் என்றால் வேறென்ன செய்வது. அப்புத்தளையில் தபால் கிளார்க் ஒவ்வொரு உறையாக எடுத்துப் பெயரை ஒரு தடவை வாசிப்பார். பிச்சமுத்து வாங்கி, இதன்மேல் அது, அதன்மேல் இது என்று தன் கணக்கில் அடுக்கிக்கொள்வார். இறங்கும் வழியில் எந்த லயம் முதலில், அதில் எந்தக் காம்பரா அறை அடுத்து என்ற வரிசை அது. வாசலில் நின்று மேலே இருப்பதை எடுத்துக் கொடுத்துக்கொண்டே போவார். ஒரு பெயர்கூட மாறியதில்லை. எப்படி என்று கேட்டதற்கு, “எழுத்து தெரியாதுங்க, ஆளு தெரியும்” என்றார். எனக்கு அது ஒரு பெரிய வாக்கியமாகப் பட்டு, நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். எழுதி வைத்துக்கொண்டேனே தவிர, அதிலிருந்து ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

திருச்சிப் பக்கத்திலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் வருகிற கடிதங்களில் சிலவற்றின் ஓரம் கருப்பு மை தடவியிருக்கும். சாவுச் செய்தி. அவற்றை மட்டும் அவர் அடுக்கில் சேர்க்கமாட்டார். மடியில் செருகிக்கொள்வார். மற்ற கடிதங்களையெல்லாம் கொடுத்து முடித்து, வேலை விட்டு வந்தவர்கள் அடுப்பு மூட்டிச் சாப்பிட்டு எழுந்திருக்கும் வரைக்கும் லயத்துக் கோடியில் உட்கார்ந்திருப்பார். அதன்பிறகு போய்க் கொடுப்பார். ஒருநாள் நானும் கூட உட்கார்ந்திருந்தேன். பொறுமை இல்லாமல், கொடுத்துவிட்டு வந்தால் என்ன என்று கேட்டேன்.

“சோறு தின்ன பொறவு குடுக்கணுங்க. செத்தவங்க எங்கயும் போயிட மாட்டாங்க. இருக்கவங்கதான் பட்டினி கிடப்பாங்க” என்றார்.

பெயர்களை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். குதிரை விழுந்த மலை. சீலை காயுற பாறை. தொரசாணி அழுத மேடு. முதல் துரையின் மனைவி இங்கே வந்த புதிதில், ஒவ்வொரு நாளும் சாயங்காலம் அந்த மேட்டில் வந்து உட்கார்ந்து, கடல் தெரிகிறதா என்று பார்த்து அழுவாளாம். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் தங்கள் ஊரை நினைத்துக்கொண்டு கூடச் சேர்ந்து அழுதார்களாம். மொழி தெரியாமலே ஒரு மாதம் இப்படி நடந்தது என்று சொல்லிவிட்டு, கங்காணிதான் பாவம், யாரை அதட்டுவது என்று தெரியாமல் முழித்தான் என்று சிரித்தார். புரொபசருக்கு அந்தக் கதை ரொம்பப் பிடித்துப்போயிற்று. இன்னும் இப்படிச் சேர் என்று எழுதினார்.

இரண்டாவது வருஷம் சித்திரை விடுமுறையில் ஒருநாள், தபால் பாதை பெரகலைக்கு ஏறத் தொடங்குகிற வளைவில் நின்றேன். அங்கே ஒரு குத்துக்கல் உண்டு. எண்ணெய், குங்குமம் ஒன்றும் கிடையாது. அடியில் வாடிப்போன கொப்புகள் சில கிடந்தன. எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறேன், கேட்டதில்லை. இந்த இடத்துக்கு என்ன பெயர் என்று கேட்டேன். கேட்ட உடனே பதில் சொல்லுகிறவர், அன்று பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். நான் விடவில்லை. இத்தனை நாள் பழகியும் என்னிடம் ஒளிக்கிறாயே என்று கோபித்துக்கொண்டேன். என் கோபத்துக்காகச் சொன்னார்.

அந்தக் காலம் உங்களுக்கு நினைவிருக்கும். துரை கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்து ஆள் இன்னொரு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாது. துண்டு கேட்டால் லேசில் கிடைக்காது. துண்டில்லாமல் கிளம்பிவிட்டால் பொலிஸ் பிடிக்கும், கோர்ட்டு ஜெயிலுக்கு அனுப்பும். அந்தக் குத்துக்கல்லுக்குப் பின்னால் புதருக்குள் ஓர் ஒற்றையடிப் பாதை கொஸ்லந்தைப் பக்கம் இறங்கியது. போக முடிவு செய்தவர்கள் விடியற்காலையில் கல்லடியில் ஒரு பச்சைக் கொப்பை முறித்துப் போட்டுவிட்டு, வழித்துணைக்கு வேண்டிக்கொண்டு இறங்குவார்கள். காலையில் பையோடு வருகிற பிச்சமுத்து புதுக் கொப்பு கிடக்கிறதா என்று பார்ப்பார். கிடந்தால் தாண்டிவிட்டார்கள். சாயங்காலம் கடிதம் கொடுக்கப் போகும்போது, போனவர்களைப் பெற்றவர்கள் இருக்கிற வாசலில் நின்று, “இன்னைக்கு உங்களுக்குக் கடுதாசி இல்ல” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடப்பார். கடிதத்தையே எதிர்பார்க்காதவர்களிடம் கடிதம் இல்லை என்று சொன்னால், பிள்ளை நல்லபடியாகப் போய்விட்டது என்று அவர்கள் அடுப்பை மூட்டுவார்கள். பக்கத்தில் கங்காணி நின்றாலும் அந்த வார்த்தையில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது.

“கொப்பு முறிச்ச வழின்னு சொல்லுவோங்க. இது மட்டும் எழுத்துல வேணாங்க” என்றார்.

சரி என்று சொல்லி அவர் எதிரிலேயே நோட்டுப் புத்தகத்தை மூடினேன். அவர் சத்தியம் ஒன்றும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் மாமா கடையில் உட்கார்ந்து அதே நோட்டைத் திறந்து, மறந்துபோகாமல் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தேன்.

கட்டுரை முடியும் தறுவாயில் புரொபசரிடமிருந்து கடிதம் வந்தது. மலைகளைப் பற்றிய அத்தியாயம் நன்றாக வந்திருக்கிறது, பாதைகளைப் பற்றிய அத்தியாயம் சப்பென்று இருக்கிறது, பரீட்சகர்கள் அங்கேதான் கைவைப்பார்கள், உருப்படியாக ஒரு பாதைக்காவது காரணம் சொல்லு என்று எழுதியிருந்தார். உருப்படியான பாதை ஒன்று என் கையில் இருந்தது. ஒரு மாதம் மனசோடு போராடினேன் என்று எழுத ஆசைதான். மூன்று நாள்தான் யோசித்தேன். இங்கிலீஷில்தானே எழுதுகிறோம், லயத்தில் யார் இங்கிலீஷ் படிக்கப் போகிறார்கள், பிச்சமுத்துவுக்குத் தெரிய வழியே இல்லை என்று சமாதானம் செய்துகொண்டேன். இரண்டு பட்டம் படிக்கிற மூளை இவ்வளவுதான் வேலை செய்தது. அந்த ரகசியத்தை யாரிடமிருந்து காப்பாற்ற வேண்டுமோ, அவர்கள் மட்டும்தான் இங்கிலீஷ் படிப்பவர்கள். அது எனக்குத் தோன்றவே இல்லை. போதாததற்கு ஒரு படமும் வரைந்தேன். பாதைக்குப் புள்ளிக்கோடு, குத்துக்கல்லுக்கு ஒரு சின்ன முக்கோணம்.

தோட்டத்துக்குள் போய்த் திரட்டிய விவரம் என்பதால் தோட்டத்துத் துரையிடம் ஒரு கடிதம் வாங்கி இணைக்கும்படி புரொபசர் சொல்லியிருந்தார். மாமா தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கரைப் பிடித்தார், பெரிய கிளாக்கர் துரையிடம் கூட்டிக்கொண்டு போனார். துரை நாற்காலி கொடுத்தார். என் இங்கிலீஷை மெச்சினார். தான் இருக்கிற தோட்டத்தைப் பற்றி இப்படி ஒருவர் எழுதியிருப்பது சந்தோஷம், முழுவதும் வாசித்துவிட்டுக் கடிதம் தருகிறேன் என்றார். கையெழுத்துக் கட்டை மேசைமேல் வைத்துவிட்டு, தலைகால் புரியாமல் பதுளைக்கு வந்து சேர்ந்தேன். துரையைப் பொல்லாதவர் என்று எழுதி என் பங்கைக் குறைத்துக்கொள்ள நான் விரும்பவில்லை. வாசிக்கக் கொடுத்தேன், அவர் கவனமாக வாசித்தார்.

இரண்டு மாதம் கழித்துப் பெரகலைக்குப் போனபோது மாமா சொல்லித்தான் நடந்தது தெரிந்தது. கருப்பையா என்கிற, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவனும் அவன் மனைவி முத்தாயியும் விடியற்காலையில் அந்தக் கல்லருகே அகப்பட்டுக்கொண்டார்கள். பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முத்தாயியின் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தாள். போய்ப் பார்க்கத் துண்டு கேட்டுக் கிடைக்காமல் கிளம்பியிருக்கிறார்கள். மூன்று காவல்காரர்கள் புதருக்குள் உட்கார்ந்திருந்தார்களாம். அத்தனை வருஷத்தில் அங்கே ஒரு காவலும் இருந்ததில்லை. கருப்பையாவுக்குப் பதுளையில் ஒரு மாதம் கடுங்காவல். நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்துக்கும் அந்த ஜெயிலுக்கும் நடுவில் பெரிய தூரமில்லை. முத்தாயியைப் பயமுறுத்தித் தோட்டத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

காட்டிக்கொடுத்தவன் யார் என்று லயத்தில் பேச்சு வந்திருக்கிறது. தினமும் பங்களா வாசலில் போய் நிற்கிறவர் பிச்சமுத்து ஒருவர்தான். கொப்பைப் பார்த்து வந்து சொல்லுகிறவரும் அவர்தான். வேறு யோசனைக்கு இடமில்லாமல் போயிற்று. நல்லது கெட்டதுக்கு அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அவர் கையால் கடிதம் வாங்குவதையும் நிறுத்தினார்கள். வாசலில் வைத்துவிட்டுப் போனால் பிறகு எடுத்துக்கொள்வார்கள். இரண்டு வாரத்தில் முத்தாயிக்கு ஓரம் கருத்த கடிதம் வந்தது. அன்றும் பிச்சமுத்து லயத்துக் கோடியில் உட்கார்ந்து, அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்துவிட்டுப் போய் நீட்டியிருக்கிறார். அவள் கையை நீட்டவில்லை. அவர் அதைப் படியில் வைத்து, காற்றில் போகாமல் இருக்க ஒரு கல்லையும் வைத்துவிட்டுத் திரும்பினாராம்.

மாமா இதைச் சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. பிச்சமுத்து வந்து கடை இறவாரத்தில் நின்றார். உள்ளே வரச்சொல்லி மாமாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தோட்டத்து ஆட்கள் மழைக்குப் போர்த்திக்கொள்கிற கம்பளி அவர் மேல் இல்லை. தலையிலிருந்து கால் வரை ஊறிப்போயிருந்தார். கம்பளியைச் சுருட்டி மார்போடு அணைத்திருந்தார். அதைப் பிரித்தால் உள்ளே என் கட்டு.

“தொர குடுத்தாருங்க. நனையல, பாத்துக்கங்க” என்றார்.

நான் பார்த்தேன். அவர் எதிரிலேயே கயிற்றை அவிழ்த்து, நனையவில்லை என்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தேன். துரையின் கடிதமும் மேலே இருந்தது. நல்ல கடிதம்.

“இந்தக் கட்டுலதான் இருக்குன்னு தெரியுங்க” என்றார் அவர். “கட்டக் குடுக்கிறப்ப அந்தப் படத்த மேசையில விரிச்சு வச்சுக்கிட்டு, கல்லு இருக்கிற எடத்த தொர எங்கிட்ட விரலால தொட்டுக் காட்டுனாரு. எழுத்துதாங்க தெரியாது. படம் தெரிஞ்சுச்சு.”

இதைப் பள்ளத்தில் வீசிவிட்டு வந்திருக்கலாமே என்றேன்.

“தபால நான் எங்கயும் போட்டதில்லைங்க.”

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். இல்லை. தண்ணீர் சொட்ட நின்றவர், தனக்கு வேண்டியதைச் சொன்னார். லயத்தில் தன்னைத்தான் நினைக்கிறார்கள் என்றார். பெண்பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கிறாள் என்றார்.

“நான் இல்லேன்னு சொன்னா வேற யாருன்னு கேப்பாங்க. உங்க பேர நான் எடுக்க மாட்டேங்க. உங்ககிட்ட சொன்னது நாந்தானே. நீங்களா ஒரு தடவ வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும்.”

“பட்டம் வரட்டும், பிச்சமுத்து. வந்ததும் நானே வர்றேன்” என்றேன்.

நான் லயத்தில் போய் நின்று பேசினால் துரைக்குத் தெரியும். தெரிந்தால் கொடுத்த கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டாலும் வாங்கிக்கொள்வார். இதுதான் என் பயம். அவர் தலையை ஆட்டிவிட்டு, கட்டைச் சுற்றியிருந்த கம்பளியை உதறித் தலையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

அடுத்த வருஷம் பட்டம் வந்தது. நீங்கள் மாலை போட்டீர்கள். பேசியவர்களெல்லாம் பெருமையாகச் சொன்னது முன்னுரையில் இருந்த ஒரு வரியை: இதில் உள்ள விவரம் முழுவதும் ஆசிரியர் நேரில் அலைந்து திரட்டியது. பிச்சமுத்துவின் பெயர் அதில் எந்த மூலையிலும் இல்லை. பெயரைப் போடாமல் விட்டது அவருடைய நன்மைக்காக என்று நினைத்துக்கொண்டேன். அதன்பிறகு மழைக்காலம் என்று போகவில்லை. அப்புறம் கல்யாணம். அப்புறம் ஹெட்மாஸ்டர் வேலை. போகாமல் இருப்பதற்குக் காரணம் தேடுகிறவனுக்குப் பஞ்சமே வராது. பிறகு துண்டு முறையே சட்டப்படி ஒழிந்துபோயிற்று. யாரும் எந்த வழியாகவும் போகலாம் என்று ஆனபிறகு, பழைய கோபம் தானாக அடங்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடங்கவில்லை என்று பெரகலச் சந்தியில் ஒருநாள் தெரிந்தது. மாமா வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன். பிச்சமுத்து பையோடு இறங்கி வந்தார். தலை நரைத்துவிட்டிருந்தது. வழக்கம்போல் இறவாரத்தில் நின்று கும்பிட்டார்.

“பட்டம் வந்துருச்சாங்க?” என்று கேட்டார்.

வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. வந்துவிட்டது என்றேன்.

“நல்லதுங்க” என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார், அது முகத்தில் தெரிந்தது. போகாமல் இன்னும் கொஞ்சம் நின்றார். எதற்காக நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். இந்த வருஷம் மழை எப்படி என்று கேட்டேன். பரவாயில்லைங்க என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பொன்னம்மாவுக்குத் தோட்டத்துக்குள்ளேயே பேசி முடித்த சம்பந்தம் ஒன்று, தபால்காரன் மகள் என்ற காரணத்தால் நின்றுபோனது என்று மாமா அன்று சொன்னார். தூரத்துத் தோட்டத்தில், இந்தக் கதை தெரியாத இடமாகப் பார்த்து ரொம்ப நாள் கழித்துத்தான் அவளைக் கட்டிக்கொடுத்தாராம். அதற்குப் பிறகும் நான் போகவில்லை. அவரை நான் பார்த்தது அதுதான் கடைசி.

பள்ளிக்கூடத்து வாசலில் நின்ற பொன்னம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அப்பா சொன்னாரா என்று கேட்டேன்.

“அவரு சாகுற மட்டும் உங்க பேர எடுக்கலைங்க. அவருகூட நோட்டு வச்சுக்கிட்டு நடந்தது நீங்க ஒருத்தர்தானே” என்றாள்.

பத்திரிகையில் அவரைப் பற்றி எழுதுகிறேன், நடந்தது எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன் என்றேன்.

“எழுத வேணாங்க. எங்க லயத்துல யாரு வாசிக்கப்போறா. கருமாதிக்கு வந்து வாயால சொல்லுங்க.”

அந்தக் குடும்பத்தில் இரண்டாவது ஆளாக அவளும் என்னிடம் எழுத வேண்டாம் என்று சொன்னாள். இந்தத் தடவை முதலில் போனேன், பிறகுதான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் கருமாதி. சாவுக்கு வந்தவர்களே நாலைந்து பேர்தானாம். கோட்டுப் போட்ட ஒரு வாத்தியார் வந்திருக்கிறார் என்பதற்காக வேடிக்கை பார்க்க லயத்திலிருந்து ஆட்கள் வந்து நின்றார்கள். கருப்பையாவும் வந்திருந்தார். நான் எழுதிக்கொண்டு போயிருந்த தாளை மடியிலேயே வைத்துவிட்டுப் பேசினேன். அந்த வழியைக் காட்டிக்கொடுத்தது பிச்சமுத்து இல்லை, நான். எழுதாதே என்று அவர் கேட்டுக்கொண்டதை, பட்டம் வேண்டும் என்பதற்காக எழுதினேன். வந்து சொல்லும்படி கேட்டார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அவர் சாகிற வரைக்கும் வரவில்லை. இவ்வளவுதான் சொன்னேன். சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இத்தனை வருஷம் நான் மிச்சம் பிடித்தது இந்த ஐந்து நிமிஷத்தைத்தான்.

யாரும் என்னை ஏசவில்லை. ஒரு கிழவி மட்டும், இதை அப்போதே வந்து சொல்லியிருந்தால் அந்த மனுஷன் கையால் கடிதம் வாங்கியிருப்போமே என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள். முத்தாயி தலையைத் தூக்கவில்லை. கருப்பையா எழுந்தார். என்னிடம்தான் வருகிறார் என்று நினைத்தேன். என்னைத் தாண்டிப் போனார். லயத்துக் கோடியில் ஒரு மரத்தில் பச்சைக் கொப்பு ஒன்றை முறித்தார், பிச்சமுத்துவின் படத்துக்குப் பதிலாக வைத்திருந்த தபால் பையின்மேல் அதை வைத்தார். பிறகு பொன்னம்மாவின் முன்னால் போய் நின்றார்.

“ஆத்தா, இன்னைக்கு உங்களுக்குக் கடுதாசி இல்ல” என்றார்.

அதற்குமேல்தான் அவள் அழுதாள். மற்றவர்களும் அழுதார்கள். நான் எந்தப் பக்கம் நின்று அழுவது என்று தெரியாமல், ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பெரகலைக்கு ஏறினேன். வளைவில் குத்துக்கல் அப்படியே இருக்கிறது. இப்போது யாரும் கொப்புப் போடுவதில்லை, அவசியமில்லை.

பிச்சமுத்துவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கட்டு ஒன்றுதான். சர்வகலாசாலைக்கு டைப் அடித்த பிரதியை அனுப்பிவிட்டு, அவர் கொண்டுவந்து கொடுத்த கையெழுத்துப் பிரதியை அலமாரியில் வைத்துக்கொண்டேன். ஊரிலிருந்து திரும்பியதும் எடுத்துப் பார்த்தேன். ஐப்பசி மழையில் தன்னை நனைத்துக்கொண்டு அதை அவர் காப்பாற்றியிருக்கிறார். ஒரு பக்கத்தில்கூட மை கலையவில்லை. முன்னுரையில் நான் விட்ட பொய்யும், அந்தப் பாதையின் பெயரும், புள்ளிக்கோடும், கல்லுக்கு நான் போட்ட முக்கோணமும் நேற்று எழுதியதுபோல் அப்படியே இருக்கின்றன.